பழைய காரின் பீடிங், டோர் பேட் கிளிப்புகளைச் சரியான அளவில் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி கேட்டவரின் நிலை இது: அறுபதுகளின் கார் ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார். பெயிண்ட் வேலைக்காகப் பக்கவாட்டுப் பீடிங் பட்டைகளையும் (வெளிப்புற அலங்காரப் பட்டைகள்) டோர் பேடுகளையும் (கதவின் உட்பக்க மூடுபலகைகள்) கழற்றியபோது கிளிப்புகளில் பாதி உடைந்துவிட்டன. காரின் பெயரைச் சொல்லி வாங்கிய பாக்கெட்டுகளில் சில தொளதொளவென்று ஆடுகின்றன, சில துளைக்குள் நுழையவே மறுக்கின்றன.

காரின் பெயரைச் சற்று ஒதுக்கிவையுங்கள். கையில் மிஞ்சியிருக்கும் பழைய கிளிப்பையும் முழுதாக நம்ப வேண்டாம். இத்தனை ஆண்டு ஓடிய வண்டியில் எத்தனையோ பேர் கைவைத்திருப்பார்கள். அன்றைக்குக் கிடைத்ததை மாட்டி அனுப்பியிருப்பார்கள். நம்ப வேண்டியவை இரண்டுதான்: பாடித் தகட்டில் உள்ள துளையும் பட்டையின் உட்புறமும். கிளிப் இவ்விரண்டையும் இணைக்கும் பொருள். இரண்டையும் ஒழுங்காக அளந்துவிட்டால் நடுவில் வர வேண்டிய கிளிப் எப்படி இருக்கும் என்பது தானே விளங்கிவிடும்.

முதலில் பட்டையைக் கவிழ்த்துப் போட்டு, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். உள்ளே படிந்த அழுக்குக்கு நடுவே, இரண்டு ஓரங்களிலும் எதிரெதிராக, பளிச்சென்று தேய்ந்த சிறு கோடுகள் தெரியும். பல ஆண்டுகள் கிளிப் உரசிய தடம் அது. தடத்தின் நீளம் பழைய கிளிப் எவ்வளவு நீளத்துக்குப் பட்டையைப் பிடித்திருந்தது என்று சொல்லும். ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் துளைகளின் இடைவெளியைச் சொல்லும். டிங்கர் வேலையின்போது துளைகளை வெல்டு வைத்தோ பட்டி பூசியோ அடைத்துவிட்ட வண்டிகளில், துளை எங்கே இருந்தது என்பதற்கு மிஞ்சும் சாட்சி பெரும்பாலும் இந்தத் தடம்தான். பட்டையைக் கழுவிவிட்டால் அது மங்கிவிடும். அதனால் பாலிஷுக்குக் கொடுப்பதற்கு முன்பே ஒரு நீளக் காகிதத்தைப் பட்டையோடு சேர்த்து விரித்து, ஒவ்வொரு தடத்தையும் அதில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

பாடியிலும் இதே போன்ற தடயங்கள் உண்டு. துளையைச் சுற்றியுள்ள துருக்கறை வட்டமா, நீள்சதுரமா என்று பாருங்கள். கிளிப்பின் அடிப்பாகம் அந்த வடிவில்தான் இருந்திருக்கும். தண்ணீர் புகாமல் அடைக்கப் பூசிய பழைய சீலர் பிசின்போலக் காய்ந்து ஒட்டியிருந்தால், அந்த இடத்தில் போல்ட் உள்ள கிளிப்பை வைத்து உட்பக்கமிருந்து நட் போட்டு முடுக்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

இனி அளவுகள். பட்டையின் இரு விளிம்புகளும் உட்பக்கமாக மடிந்திருக்கும். மடிப்புக்கும் மடிப்புக்கும் இடையே உள்ள வாயகலம் ஒன்று, மடிப்புகளுக்கு அடியில் உள்ள முழு அகலம் இன்னொன்று. கிளிப் வாயைவிட அகலமாகவும் உள்ளகலத்துக்குள் அடங்குவதாகவும் இருக்க வேண்டும். பலரும் வெளியகலத்தை அளந்து வாங்கிவிடுகிறார்கள். வெளியகலத்தால் எந்தப் பயனும் இல்லை. மடிப்பிலிருந்து உள்முகடு வரையிலான ஆழத்தையும் எடுங்கள். ஆழத்துக்கு மிஞ்சிய உயரமுள்ள கிளிப்பைப் போட்டால் பட்டை பாடியோடு ஒட்டாமல் விலகி நிற்கும், தண்ணீரும் தூசியும் பின்னால் சேரும்.

இந்த அளவுகளைப் பட்டையின் இரண்டு முனைகளிலும் நடுவிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அந்தக் காலத்துப் பட்டைகளில் பல, ஹெட்லைட்டை நோக்கிப் போகப் போகக் குறுகிக்கொண்டே போகும். பின்முனையில் 22 மில்லிமீட்டர் இருக்கும் உள்ளகலம் முன்முனையில் 16 மில்லிமீட்டராக இருந்தால், அந்த ஒரே பட்டைக்கு இரண்டு மூன்று அளவுகளில் கிளிப் தேவை. ஒரே அளவுக் கிளிப்புகள் நிறைந்த பாக்கெட் உங்களைக் கைவிட்டதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

துளையை அளக்க வெர்னியரைவிட ட்ரில் பிட்டுகளின் வழவழப்பான அடித்தண்டு நல்லது. ஆடாமல் நுழைகிற தண்டின் அளவே துளையின் அளவு. பெயிண்டுக்குப் பிறகு மறுபடி பாருங்கள். பிரைமரும் பெயிண்டும் துளையின் ஓரத்தில் ஏறி அளவைச் சற்றுக் குறைத்திருக்கும். அமெரிக்க வண்டிகளும் பழைய பிரிட்டிஷ் வண்டிகளும் அங்குலக் கணக்கில் செய்யப்பட்டவை. ஜெர்மானிய, இத்தாலிய, பிரெஞ்சு, ஜப்பானிய வண்டிகள் மில்லிமீட்டர் கணக்கில். 5/16 அங்குலம் 7.94 மி.மீ. என்பதால் 8 மி.மீ. துளைக்கான கிளிப் அதில் நன்றாகவே உட்காரும். 1/4 அங்குலமோ 6.35 மி.மீ.; 6 மி.மீ. துளைக்கான கிளிப்பைப் போட்டால் அது ஆடத்தான் செய்யும்.

போல்ட் உள்ள கிளிப்புகளில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். பழைய பிரிட்டிஷ் கார்களில் வரும் 2 பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன் அளவுமுறை) மரையின் விட்டம் 4.7 மி.மீ.; அமெரிக்க 10-32 மரை 4.83 மி.மீ.; மெட்ரிக் மரையான எம்5 சரியாக 5 மி.மீ. மரைக்கு மரை உள்ள தூரமோ மூன்றிலும் ஏறக்குறைய 0.8 மி.மீ.தான். கண்ணால் பார்த்துப் பிரிக்கவே முடியாது. ஒன்றின் நட்டை இன்னொன்றில் வலிந்து ஏற்றினால் மரை போய்விடும், அல்லது பிடிக்காமல் கழன்று விழும். விரலால் சுற்றும்போதே தடையில்லாமல் ஏறாத நட்டை ஸ்பானரால் தொடாதீர்கள்.

உலோகக் கிளிப்புகளைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இவை ஸ்ப்ரிங் ஸ்டீலால் ஆனவை. வளைத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்புவதே இவற்றின் உயிர். அளவு சரியாக இருக்கிறது என்பதற்காக சாதாரணத் தகட்டில் செய்த போலிகளை வாங்கினால், முதல் தடவை அழுத்தும்போதே அவை வளைந்த நிலையிலேயே நின்றுவிடும். ஒன்றை விரலால் லேசாக நசுக்கி விட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். பழைய நல்ல கிளிப்புகள் துருப்பிடித்திருந்தால் அமிலத்தில் போடவோ, அப்படியே முலாம் பூசக் கொடுக்கவோ வேண்டாம். அமிலக் குளியலிலும் மின்முலாம் பூசும்போதும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவருகிறது. மாட்டும்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரமோ சில நாளோ கழித்து, யாரும் தொடாமலே கிளிப் உடையும். முலாம் பூசியே ஆக வேண்டுமென்றால், பூசி முடித்த கையோடு 190 முதல் 220 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் பல மணி நேரம் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்றுபவரிடம் கொடுங்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஜிங்க் பிரைமரை மெல்லியதாக அடிப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய பாதுகாப்பான வழி.

பட்டை அலுமினியம் என்றால், எஃகுக் கிளிப் தொடும் இடத்தில் ஈரம் பட்டுப் பட்டு அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். அங்கே நைலான் கிளிப் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அது அசலாக இல்லாவிட்டாலும் எனக்கு உறுத்தல் இல்லை. நைலான் உலர்ந்திருக்கும்போது எளிதில் ஒடியும். மாட்டுவதற்கு முன் சற்றுநேரம் வெந்நீரில் போட்டெடுத்தால் வளைந்துகொடுக்கும்.

டோர் பேட் அவ்வளவு சிக்கலானதல்ல. பேடின் பலகையில் சாவித்துவாரம்போல ஒரு பக்கம் அகன்று ஒரு பக்கம் குறுகிய துளை இருந்தால், கிளிப்பின் கழுத்து குறுகிய பக்கத்தின் அளவிலும், தலை அகன்ற பக்கத்தில் நுழையும் அளவிலும் இருக்க வேண்டும். பலகையின் தடிமனும் முக்கியம். புதிய பலகை பழையதைவிடத் தடிமனாக இருந்தால் சரியான கிளிப்கூட எட்டாது.

பெயர் எழுத்துகளும் எம்ப்ளமும் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. அவற்றின் பின்புறமுள்ள ஊசிகள் சட்டென்று ஒடிந்துவிடும். குரோம் புதிதாகப் பூசியிருந்தால் ஊசியும் தடித்திருக்கும். ஆகவே பூசிய பிறகு அளந்து, பிறகே ஊசியைப் பிடிக்கும் குழாய் கிளிப்போ ஸ்பீட் நட்டோ (வில்போல அமுக்கும் தகட்டு நட்) வாங்குங்கள். ஸ்பீட் நட் பிறந்த கதையே இந்த வேலைக்குப் பாடம். அமெரிக்காவில் 1920களில் ஆல்பர்ட் டின்னர்மேன் என்பவர் அதைச் சமையல் அடுப்புகளுக்காக உருவாக்கினார். அடுப்பின் பீங்கான் பூச்சு, திருகை முடுக்கும்போது விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. வில்போல அமுக்கிப் பிடிக்கும் தகடு அந்தச் சிக்கலைத் தீர்த்தது. பெயிண்டின் மேல் உட்காரும் எம்ப்ளத்துக்கும் அதே மென்மையான பிடி போதும்.

தேடும்போது, தயாரிப்பாளரின் பாக எண் புத்தகம் கிடைத்தால் முதலில் அதில் பாருங்கள். ஒரே நிறுவனம் ஒரே கிளிப்பைப் பல மாடல்களில், பல ஆண்டுகள் பயன்படுத்தியிருக்கும். பாக எண்ணைக் கொண்டு தேடினால் வேறொரு காரின் பெயரில் அது கிடைக்கும். எண் கிடைக்காவிட்டால், கிளிப் தயாரிப்பவர்களின் அளவுப் பட்டியலில் உங்கள் அளவுகளோடு தேடுங்கள். பொருந்தும் என்று தோன்றுகிற அளவிலும் அதற்கு முன்பின் அளவுகளிலும் சிலவற்றை மட்டும் வாங்குங்கள். பாடித் தகட்டின் தடிமனே உள்ள ஒரு துண்டுத் தகட்டில் அதே அளவு துளையிட்டு, பெயிண்ட் அடித்து, அதில் மாட்டிப் பாருங்கள். பட்டையை விரலால் அழுத்தினால் ‘டக்’கென்று உட்கார வேண்டும், கையால் தட்டி உட்காரவைக்க வேண்டியிருந்தால் அளவு பெரிது.

பொருத்தும் நாளில் பெயிண்ட் முழுமையாக இறுகியிருக்க வேண்டும். ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் பிரைமர் தொட்டு, போல்ட் கிளிப்புகளுக்குச் சீலர் வைத்து, கதவின் உட்புறத்தில் மெழுகு அடியுங்கள். நடுவிலுள்ள ஸ்ப்ரிங் கிளிப்புகள் பட்டையை அமுக்கிப் பிடிக்குமே தவிர, முன்பின் நகராமல் தடுக்காது. அது முனையிலுள்ள போல்ட் கிளிப்பின் வேலை. அதனால் முன்கதவுப் பட்டையை மாட்டியதும் முனை நட்டை முழுதாக முடுக்காமல், ஒருவரை வெளியே நின்று பார்க்கச் சொல்லிக் கதவை மெல்லத் திறங்கள். பட்டையின் நுனி முன் ஃபெண்டரை (முன்சக்கரத்தின் மேலுள்ள பாடித் தகடு) உரசுவதுபோல் வந்தால், ஓரிரு மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளிவிட்டு முடுக்குங்கள்.

அளந்த பிறகும் ஏதாவது ஓரிடத்துக்குக் கிளிப் அமையவில்லை என்றால், துளையின் அளவு, பட்டையின் வாயகலம், உள்ளகலம், ஆழம் நான்கையும் கேள்வியில் சேர்த்து எழுதுங்கள். பட்டையின் உட்புறத்தைப் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படமெடுத்தும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.