ஊர் சுற்றிவிட்டு வந்த பிறகு ஆரம்பநிலை அலுவலக வேலை மூச்சு முட்டுகிறது. எப்படிப் பழகிக்கொள்வது?

பல மாதம் வெளிநாட்டில் மலையும் காடுமாக அலைந்துவிட்டு, இப்போது நாள் முழுக்கக் கணினி முன்னால் பதிவு வேலை செய்வது தாங்க முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் தவித்தேன்.

2022 அக்டோபரில் நேபாளம் போய் அன்னபூர்ணா மலைகளைச் சுற்றி நடந்தேன். அந்தப் பாதையில் தொரோங் லா கணவாய் 5,416 மீட்டர் உயரம். வெயில் ஏறினால் அங்கே காற்று பிடித்துக்கொள்ளும் என்பதால், விடியற்காலை நான்கு மணிக்கே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். பாட்டிலில் தண்ணீர் உறைந்திருந்தது. பத்தடி நடப்போம், நிற்போம், மூச்சு வாங்குவோம். அன்று சாயங்காலம் முக்திநாத் கோயில் இருக்கும் ஊரில் இறங்கியபோது, ஜீப்பில் வந்திருந்த ஸ்ரீரங்கத்துப் பாட்டி ஒருவர், கோயிலின் 108 நீர்த் தாரைகளிலும் நனைந்துவிட்டு நடுங்கிக்கொண்டே என் கையைப் பிடித்து, "நடந்தேவாடா கண்ணு வந்தே?" என்று கேட்டார்.

ஜனவரியில் கோவையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்தேன். கிளையண்ட்டுகளின் கொள்முதல் பில்களை டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்ற வேண்டும். மாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில், விற்றவர்கள் பதிவு செய்த பில்களின் பட்டியலான 2பி வந்ததும் அதோடு ஒத்துப்பார்க்க வேண்டும். விற்றவர் கிளையண்ட்டின் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணில் ஒன்றை மாற்றிப் போட்டிருந்தால் அந்த பில் அதில் வராது. தேடிப் பிடித்து அவருக்கு போன் போட வேண்டும். தினமும் இதுதான். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு மலைப் புகைப்படங்களைப் பார்ப்பேன். அதை மட்டும் செய்யாதீர்கள். பார்த்த அன்றைக்கெல்லாம் சாயங்காலம் ஆறு மணி வரவே வராது.

மார்ச் 31 அன்று ஸ்டாக் எடுக்க எங்கள் சீனியர் அக்கா என்னை ஒரு பவுண்டரிக்கு, அதாவது இரும்பு வார்ப்பு ஆலைக்கு, அழைத்துப் போனார். வாசலிலேயே கருமணல் குவியல். பக்கத்தில் மூட்டை மூட்டையாகச் சாம்பல் நிற மாவு. மூட்டையில் பென்டோனைட் என்று எழுதியிருந்தது. மூன்று மாதமாக நான் டேலியில் ஏற்றிக்கொண்டிருந்த பெயர். "இது என்னங்கண்ணா?" என்று அங்கே வேலை செய்தவரிடம் கேட்டேன். அவர் அந்த மாவு கலந்த மணலில் ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்து அழுத்தச் சொன்னார். விரலைத் திறந்தால் மணல் கொழுக்கட்டை மாதிரி ரேகையோடு நின்றது. "இந்த மண்ணு பிடிக்கலைன்னா அச்சு நிக்காதுங்க தம்பி" என்றார். அப்புறம் உருக்கிய இரும்பை அந்த அச்சுகளில் ஊற்றியதை ஓரமாக நின்று பார்த்தேன். எல்லாம் பம்ப் செட் பாகங்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்று உறைத்தது. நேபாளத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் கேட்டேன். கூரையில் காய்வது என்ன, கழுதை சுமக்கும் மூட்டையில் என்ன, இந்த மாவை எதில் அரைக்கிறீர்கள் என்று மொழி தெரியாமலே கைஜாடையில் கேட்டேன். சொந்த ஊரில், சொந்த மொழியில், பக்கத்து நாற்காலிக்காரரிடம்கூட ஒன்றும் கேட்டதில்லை. நான் ஏங்கியது மலைக்காக மட்டும் இல்லை, அப்படிக் கேட்டுக்கொண்டே திரிந்த என்னைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

அதனால் உங்கள் மேசைக்கு வரும் தாள்களில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அது எங்கிருந்து கிளம்பி வருகிறது என்று போய்ப் பாருங்கள். டெலிவரி கொண்டுவருபவரிடம் பேசுங்கள். வேலை உடனே இனித்துவிடாது. 2பி வரும் வாரத்தில் இன்றைக்கும் எனக்குக் கழுத்து வலிக்கும், அலுப்பும் வரும். ஆனால் ஒரு பில்லைப் பார்த்ததும் அதற்குப் பின்னால் இருக்கும் கடையும் ஆளும் மனதில் வந்துவிடுகிறார்கள். ஒரு வருடம் கேட்டுப் பார்த்தும் தெரிந்துகொள்ள அங்கே ஒன்றுமே மிச்சமில்லை என்றால், தயங்காமல் வேறு வேலை தேடுங்கள்.

பயணத்தை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் கோவைப் பக்கம் வெள்ளியங்கிரி மலை ஏறுகிறேன். இந்த வருடம் நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்குக்குப் போக லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான 3பி தாக்கல் செய்ய அக்டோபர் 20 கடைசி நாள் என்பதால், 21இலிருந்து கேட்டிருக்கிறேன்.