அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை. எனக்கு 38 வயதில் எச்பிஏ1சி 6.1 காட்டுகிறது. சாப்பாடும் நடையும் உண்மையிலேயே உதவுமா, எப்படியும் வரத்தான் போகிறதா?

உதவும். எவ்வளவு உதவும், எதைச் செய்தால் உதவும் என்பதை என் அனுபவத்தோடு சேர்த்துச் சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை. தஞ்சாவூரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன், வயது 50. என் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் சர்க்கரை. எனக்கு 41 வயதில் எச்பிஏ1சி, அதாவது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, 6.2 வந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் சரி, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நீங்களும் நானும் நடுவில் மாட்டிய ஆட்கள். "பார்டர்ல இருக்கு" என்பார்களே, அதுதான். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. போன மாதம் பார்த்தேன், 5.9. இதுவரை மாத்திரை இல்லை.

அந்த 6.2 வந்த நாளில் சித்தி, "அம்மாவுக்கு இருக்கு, உனக்கும் வரத்தானே செய்யும்" என்றார். அம்மாவின் கால் பெருவிரல் புண்ணுக்கு நான் தினமும் கட்டு மாற்றிக்கொண்டிருந்த சமயம் அது. ஆறவே இல்லை, கடைசியில் விரலை எடுத்தார்கள். அதனால் சித்தியின் பேச்சை என்னால் சும்மா கேட்டுக்கொண்டு போக முடியவில்லை. தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் கண்ணில் பட்டது நம் ஊர் ஆய்வு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி, 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பார்டரில் இருந்த 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்து மூன்று வருடம் போலக் கவனித்தார்கள். வழக்கம்போல் இருந்த குழுவில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்ட குழுவில் 39 பேருக்கு. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்த குழுவில் 40 பேர். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கும் ஏறக்குறைய இதே அளவுதான்.

இந்தக் கணக்கை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். மாற்றிக்கொண்டவர்களிலும் 39 பேருக்கு வந்திருக்கிறதே! அப்படியானால் எல்லாம் ஒழுங்காகச் செய்தும் ஒருவருக்கு வரலாம். அவரைப் பார்த்து "வாயைக் கட்டல, அதான்" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அதேசமயம் 55 எங்கே, 39 எங்கே? நூற்றில் கூடுதலாகப் பதினாறு குடும்பங்களுக்கு அந்த மூன்று வருடத்தில் நோய் வரவில்லை. இன்னொன்று, அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை குறையாமலே பலன் கிடைத்திருக்கிறது. நம் ஆட்களுக்கு இது முக்கியம். பார்க்க ஒல்லியாக இருப்போம், வயிறு மட்டும் தள்ளியிருக்கும். தராசைப் பார்த்து "எனக்கு ஒன்றும் இல்லை" என்று இருந்துவிடுவோம். இடுப்புச் சுற்றளவை ஒரு முறை அளந்து பாருங்கள். ஆண் என்றால் 90 செண்டிமீட்டர், பெண் என்றால் 80, அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

சரி, சும்மா தள்ளித்தானே போகும் என்று தோன்றலாம். சீனாவில் டாச்சிங் நகரத்தில் 1986இல் 577 பேரை வைத்து இதேபோல் ஒன்று தொடங்கினார்கள். ஆறு வருடம் உணவு, உடற்பயிற்சிப் பழக்கம். அதற்குப் பிறகு மொத்தம் 30 வருடம் அவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். பழக்கத்தை மாற்றியவர்களுக்குச் சர்க்கரை நோய் சராசரியாக நான்கு வருடம் தள்ளிப் போனது. மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்தன, கண் பாதிப்பு குறைந்தது, ஆயுளும் ஒன்றரை வருடம் போலக் கூடியது. வெறும் நான்கு வருடம்தானா என்று என் தோழி கேட்டாள். அம்மாவுக்கு அந்த நான்கு வருடம் கிடைத்திருந்தால் பேத்தி கல்யாணத்தில் தன் காலால் நடந்து போய் உட்கார்ந்திருப்பார்.

இனி சாப்பாடு. எங்களுடையது நெல் விளையும் ஊர், சோற்றைக் குறை என்றால் மனசு கேட்காது. எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மதியம் மூன்று ஆழாக்கு அரிசி வைப்போம். வடித்தால் ஆளுக்கு 400 கிராம் சோறு வந்துவிடும். காலை இட்லி, இரவு தோசை தனி. 21 நாடுகளில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வு 2020இல் வந்தது. ஒரு நாளைக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிடுகிறவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிடுகிறவர்களைவிடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். அதிலும் தெற்காசியாவில்தான் அது மிக அதிகம், 61 சதவீதம் கூடுதல். நாங்கள் ஒரு வேளையிலேயே அந்த அளவை நெருங்கிக்கொண்டிருந்தோம்.

சோற்றை நான் விடவில்லை. மூன்று ஆழாக்கை ஒன்றரை ஆக்கினேன், ஒரே நாளில் இல்லை, இரண்டு மாதத்தில். குறைந்த இடத்தை நிரப்ப வேண்டுமே, இல்லாவிட்டால் நாலு மணிக்குப் பசித்து மிக்சர் டப்பாவைத் திறப்போம். அதனால் பொரியலும் கூட்டும் இரட்டிப்பாயின. அவரைக்காய், வாழைத்தண்டு, கீரை, ஏதாவது ஒரு சுண்டல். தட்டில் முதலில் காயைப் பரிமாறிவிட்டு மிச்ச இடத்தில் சோறு. முன்பு நேர்மாறாக இருந்தது. முட்டை, மீன், தயிர், பயறு என்று புரதம் ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று. ஊறுகாயும் அப்பளமும் வாரத்துக்கு ஒரு நாள் என்றானது. அது ரத்த அழுத்தத்துக்காக. உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது.

சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை. அரிசிக்குப் பதில் கேழ்வரகு என்று நானும் மாறினேன். காலையில் ஒரு பெரிய டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி குடித்துவிட்டு அண்ணனின் குளுக்கோமீட்டரில் குத்திப் பார்த்தால், இட்லி சாப்பிட்ட நாளைவிட அதிகமாகக் காட்டியது. மாவாக அரைத்துக் கரைத்துக் குடிக்கும்போது அது வேகமாகச் செரித்துவிடுகிறது. எந்தத் தானியம் என்பதைவிட எவ்வளவு, எந்த வடிவில், கூட என்ன இருந்தது என்பதைப் பாருங்கள்.

அப்புறம் நடை. இதில்தான் எனக்கு மிகப் பெரிய ஆச்சரியம். நான் விடிகாலை நடக்க முயன்று முயன்று விட்டவள். சமையல், டிபன் பாக்ஸ், ஒன்பது மணி வங்கி, எங்கே நடப்பது? ஒருநாள் இரவு சாப்பிட்டதும் தெருமுனைக் கோயில் வரை இரண்டு நடை போய்வந்தேன், இருபது நிமிடம். வழக்கமாக இரண்டு மணி நேரம் கழித்து 175 போலக் காட்டும், அன்று 148. அதே தோசை, அதே சட்னி. மறுநாளும் அப்படியே. காரணம் தசைதான். தசை இயங்கும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலேயே ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நம்மைப் போன்றவர்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை என்பதுதானே பிரச்சினையே. இது இன்னொரு வாசல். சாப்பிட்டவுடன் சர்க்கரை ஏறும் நேரத்தில் அந்த வாசலைத் திறந்துவைக்கிறோம்.

வாரத்துக்கு 150 நிமிடம் மூச்சு சற்று வாங்கும் நடையும், இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறார்கள். இரண்டாவதைப் பெண்கள் யாருமே செய்வதில்லை. ஜிம்முக்குப் போகவே வேண்டாம். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருங்கள். பதினைந்து தடவை. கொஞ்சம் ஓய்வு, மறுபடி பதினைந்து. நான் வங்கி லஞ்ச் ரூமிலேயே செய்கிறேன்.

ஏற்கெனவே நோய் இருக்கும் உங்கள் அப்பா, அம்மாவுக்கும் இது பொருந்தும், ஆனால் கவனமாக. அண்ணனுக்குப் பன்னிரண்டு வருடச் சர்க்கரை, எச்பிஏ1சி 9.1. நான் சொல்லிச் சொல்லி நடக்க ஆரம்பித்தார். ஆரம்பித்த வாரமே காலை வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடந்து, வழியில் வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். டீக்கடைக்காரர் சர்க்கரை கரைத்துக் கொடுத்துத்தான் தெளிந்தது. அவர் எடுத்தது கிளிமிபிரைட். அந்த வகை மாத்திரையும் இன்சுலினும் எடுப்பவர்களுக்கு, சாப்பாடு குறைந்து நடை கூடினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அதை முன்கூட்டியே கேட்டுச் சொல்லாமல் விட்டது என் தவறு. மருத்துவர் மாத்திரை அளவைக் குறைத்துக் கொடுத்தார். எட்டு மாதத்தில் அண்ணனுக்கு 7.0 வந்தது. மாத்திரையைத் தானாக நிறுத்தவில்லை, நீங்களும் உங்கள் பெற்றோரை நிறுத்த விடாதீர்கள். கால் மரத்துப்போனவர்கள் செருப்போடு நடக்க வேண்டாம், மூடிய ஷூ போடட்டும், வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கட்டும். அம்மாவின் புண் ஒரு சின்னக் கல் குத்தித்தான் தொடங்கியது.

கிராமத்தில் இருக்கிறார்கள் என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். 2021 முதல் நடக்கிறது. விசாரித்துப் பதிந்துவையுங்கள்.

உங்களுக்கு 38தான் ஆகிறது. இன்று இரவு சாப்பிட்டுவிட்டு அப்பாவையும் கூட்டிக்கொண்டு பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். அவர் கிளிமிபிரைட் அல்லது இன்சுலின் எடுக்கிறாரா என்று மட்டும் போகும் முன் மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி பார்த்துவிட்டு, எண் ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் இங்கே கீழே எழுதுங்கள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.