குளியலறைக்குள் கேஸ் கீசர்: தலை சுற்றுவது ஏன்?

ஊட்டி வீட்டில் குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் இருக்கிறது, ஜன்னலைச் சாத்திக் குளித்தால் பத்து நிமிடத்தில் தலை சுற்றுகிறது, ஆனால் கேஸ் வாசமே இல்லை என்கிறீர்கள். வாசம் இல்லாததுதான் வம்பே. பெரும்பாலும் இது கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு. காற்று போதாமல் கேஸ் அரைகுறையாக எரியும்போது வரும். நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ஆளை அப்படியே மயக்கிச் சாய்த்துவிடும்.

இன்றே கீசரை நிறுத்துங்கள். தலைவலி, குமட்டல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். அப்புறம் மெக்கானிக்கை வைத்து அதை வெளிச்சுவரில், காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாட்டியதும் கேஸ் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள்; வந்தால் கேஸ் கசிகிறது. சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளடித்தால் பர்னரைச் சுத்தம் செய்யாமல் பயன்படுத்தாதீர்கள்.