திருப்பும்போது ‘டக் டக்’: உப்புவெளித் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, திருகோணமலை உப்புவெளியில் இருந்து ரொறன்ரோ வந்து நாலு மாதம், 2009 கொறோலா ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். இடப்பக்கம் வெட்டித் திருப்பினால் முன்னுக்கு ‘டக் டக்’ என்கிறது. கராஜில் ஸ்ரியரிங் றாக்கையே (நீங்கள் திருப்புவதைச் சில்லுகளுக்குக் கடத்தும் பற்சட்டம்) மாற்றவேண்டும் என்கிறார்களாம், மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். இப்போது மாற்றவேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் றாக்கில் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை.

முதலில் காசு செலவில்லாத வேலை: சில்லு நட்டுகள். இங்கே பனிக்கால ரயரை வருடத்துக்கு இரண்டு தடவை கழற்றிப் பூட்டுகிறார்கள். பூட்டி 100 கிலோமீற்றருக்குள் ஒருக்காத் திரும்ப இறுக்கவேண்டும், அதைத்தான் எல்லோரும் மறப்பது. உங்கள் காருக்கு 21 மில்லிமீற்றர் சொக்கற், இறுக்கம் 103 நியூற்றன் மீற்றர், அதாவது 76 அடி-இறாத்தல். ஊரில் மாதிரி லீவரில் ஏறி நின்று மிதிக்காதீர்கள், நட்டுப் பூட்டும் சில்லு ஆணி இழுபட்டுவிடும். டிக்கிக்குள் ஜக் உருளுகிறதா என்றும் பாருங்கள். சிரிக்கவேண்டாம், அப்படியும் நடக்கிறதுதான்.

அடுத்தது, கடை பூட்டியபிறகு வெறுமையாக இருக்கும் பார்க்கிங்கில் காரைக் கொண்டுபோய் ஸ்ரியரிங்கை முழுக்க இடப்பக்கம் வெட்டி, நடை வேகத்தில் ஒரு வட்டம் அடியுங்கள். அக்சிலேற்றரைச் சற்று அழுத்துங்கள். பிறகு வலப்பக்கம் அதேபோல. சில்லு சுற்றும் வேகத்தோடு சத்தமும் கூடி, அழுத்த அழுத்தப் பலமாகினால், அது வெளிப்பக்கத்து சீவி ஜொயின்ற், அதாவது எஞ்சின் பலத்தைச் சில்லுக்குக் கொண்டுபோகும் அச்சின் சில்லுப்பக்க மூட்டு. அதற்குள் ஆறு குண்டுகள் தவாளிப்புகளில் ஓடுகின்றன. மூடியிருக்கும் ரப்பர் உறை (‘பூட்’) கிழிந்தால் கிறீஸ் வெளியே போய், உப்புத்தண்ணியும் மணலும் உள்ளே போகும். தவாளிப்பில் குழி விழும். நேரே ஓடும்போது குண்டு அதிகம் அசையாது. வெட்டும்போதுதான் தவாளிப்பு நீளத்துக்கும் ஓடி அந்தக் குழிகளில் விழுந்து எழும்பும். நேர் றோட்டில் சத்தம் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

நிச்சயப்படுத்த, ஸ்ரியரிங்கை வெட்டி வைத்துவிட்டுச் சில்லுக்குப் பின்னால் ரோர்ச் அடியுங்கள். பூட் உறையின் மடிப்புகள் வெடித்து, றிம்மின் உட்பக்கம் கறுப்புக் கிறீஸ் தெறித்திருந்தால் சந்தேகமே இல்லை. இடப்பக்கம் திருப்பும்போது பாரம் வலப்பக்கச் சில்லில் ஏறுவதால், பெரும்பாலும் கெட்டிருப்பது வலப்பக்க ஜொயின்ற். இங்கேதான் ஊரில் இருந்து வந்தவர்கள் பிழை விடுவார்கள். எங்களுக்கு ‘ட்ரைவர் பக்கம்’ என்றால் வலம். இங்கே ட்ரைவர் பக்கம் இடம். சாமான் கடையில் ‘வலம், பயணி பக்கம்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பூட் கிழிந்தும் சத்தம் வராவிட்டால் புதுப் பூட் உறையும் கிறீஸும் காணும். சத்தம் வந்தபின் பூட் மாற்றுவது வீண். ஊரில் மெக்கானிக் பாஸ் ஜொயின்றைக் கழற்றிக் கழுவி ஏதாவது செய்து தருவார். இங்கே வேலைக்கூலி மணித்தியாலக் கணக்கு என்பதால் ஜொயின்றோடு சேர்ந்த அரை அச்சை முழுதாக மாற்றுவதுதான் மலிவு. அச்சு நட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழையதைத் திரும்பப் பாவிக்கக்கூடாது.

கார் நிற்கும்போதே ஸ்ரியரிங்கைத் திருப்பச் சத்தம் வந்தால் கதை வேறு. ஒருவர் திருப்ப, மற்றவர் முன் ஸ்பிரிங்கில் மெல்ல விரல் வைத்துப் பார்க்கவேண்டும். ஸ்பிரிங் முறுகி முறுகித் துள்ளினால், ஸ்ரட் (ஸ்பிரிங்கும் ஷொக்கும் சேர்ந்த தூண்) மவுண்டின் பெயாரிங். ஸ்பிரிங்கின் அடிச்சுற்று முறிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உப்புவெளிக்காரருக்கு உப்பு இரும்பை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அங்கே கடற்காற்று மேலிருந்து தின்னும், இங்கே றோட்டில் கொட்டும் உப்பு அடியில் இருந்து தின்னும். வெளியில் பளபளக்கும் காரின் அடி சல்லடையாக இருக்கலாம்.

சின்னக் குழிகளில் மட்டும் தட்டினால் ஸ்ரபிலைசர் லிங்க், கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு. சாமான் மலிவு, அவசரமும் இல்லை. ஆனால் போல் ஜொயின்ற் (கீழ்க் கையைச் சில்லோடு இணைக்கும் குண்டு மூட்டு) அப்படியல்ல. காரைத் தூக்கி ஸ்ராண்டில் வைத்து (ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகவேண்டாம்) சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் போல் ஜொயின்றோ சில்லு பெயாரிங்கோ. கீழ்க் கைக்கும் சில்லைத் தாங்கும் நக்கிளுக்கும் நடுவே கம்பியால் நெம்பினால் எது என்று தெரியும். இடம் வலமாக ஆடினால், றாக்கில் இருந்து சில்லுக்குப் போகும் ரை றொட்டின் முனை. போல் ஜொயின்ற் ஆடினால் 401 நெடுஞ்சாலையில் ஏறவேண்டாம். அது கழன்றால் சில்லு மடிந்துவிடும்.

தட்டுவது ஸ்ரியரிங்கைப் பிடித்த கைக்கே தெரிந்தால், றாக்கைக் குற்றம் சொல்லமுன், ஸ்ரியரிங்கையும் றாக்கையும் இணைக்கும் இடைத்தண்டின் மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ரை றொட்டோ ஸ்ரட்டோ மாற்றினால், சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ற் கட்டாயம்.

கராஜில் ‘றாக் எங்கே ஆடுகிறது, காட்டுங்கோ’ என்று கேளுங்கள். ஒன்ராறியோச் சட்டப்படி மதிப்பீட்டை எழுத்தில் கேட்கலாம், கடைசி பில் அதைவிட 10 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. கழற்றிய பழைய சாமானையும் கேளுங்கள். போட்ட சாமானுக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் உண்டு, எது முந்துகிறதோ அது. ரசீதில் அன்றைய கிலோமீற்றர் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.