லிட்டில் கிடிங்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்துப் பயணக் குறிப்பில் கேம்பிரிட்ஜுக்கு ஒரு பத்தியும், லிட்டில் கிடிங் என்ற குக்கிராமத்துக்கு மூன்று பத்திகளும் ஒதுக்கியிருந்தீர்கள். ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட்டின் கவிதைத் தலைப்பாக மட்டுமே நான் அறிந்த இடம் அது. சில வீடுகளும் ஒரு சிறு தேவாலயமும் உள்ள ஊரில் அரைநாள் செலவிட என்ன இருக்கிறது?

கோ.

அன்புள்ள கோ.,

எலியட் 1936இல் அங்கே சென்றதே முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த ஒரு குடும்பத்தை நினைத்துத்தான் என்பதால், நாமும் நேராக அக்குடும்பத்திடமே போய்விடலாம்.

தேவாலயம் இல்லாத சிற்றூரையே ஆங்கிலேயர் மரபாக ‘ஹாம்லெட்’ என்பார்கள். இங்கே தேவாலயம் உண்டு. அதைக் கட்டிய ஊர்தான் இல்லை. 1620களில் ஃபெரர் குடும்பம் லண்டனிலிருந்து வந்தபோதே கிராமம் கலைந்துபோய், சிதிலமான ஒரு மாளிகையும் களஞ்சியமாகிவிட்ட தேவாலயமும் மட்டுமே எஞ்சியிருந்தன. அமெரிக்காவில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நடத்திய வர்ஜீனியா கம்பெனியின் நிர்வாகத்தில் முக்கியப் பொறுப்பு வகித்து, 1624இல் அது உரிமம் இழந்ததைக் கண்ட நிக்கோலஸ் ஃபெரர், தாய், அண்ணன், அக்காள் குடும்பம் என முப்பதுக்கும் மேற்பட்டவர்களோடு அங்கே குடியேறி, நாள்தோறும் நேரம் தவறாத கூட்டு வழிபாட்டைத் தொடங்கினார். அவர் துறவி அல்லர். அது மடமும் அன்று. எதிரிகள் மட்டும் அதைக் கன்னியர் மடம் என்று ஏசினார்கள்.

என்னைக் கட்டிப்போட்டது அவர்களுடைய கைவேலை. இயேசுவின் வாழ்வைச் சொல்லும் பைபிளின் நான்கு நற்செய்தி நூல்களை அச்சுப் பிரதிகளாக வாங்கி, வரி வரியாக, சில இடங்களில் சொல் சொல்லாகக் கத்தரித்து, நான்கும் ஒரே தொடர்கதையாக ஓடும்படி ஒட்டினார்கள். ஒட்டியதே தெரியாத அளவு நேர்த்தியான அவ்வேலையில் பெரும்பங்கு நிக்கோலஸின் அக்காள் மகள்களுடையது. முதலாம் சார்லஸ் மன்னர் ஒரு பிரதியை இரவல் வாங்கி, பல மாதம் வைத்திருந்து, ஓரங்களில் தம் கையாலேயே குறிப்பெழுதித் திருப்பினாராம். (இரவல் புத்தகத்தில் எழுதுகிறவர்களை இனி நான் சற்று மன்னிக்க வேண்டியிருக்கும்.) 1635இல் அவருக்கென்றே செய்த பிரதி இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

நிக்கோலஸ் 1637இல் இறந்தார். 1646 மே மாதம், உள்நாட்டுப் போரில் தோற்று மாறுவேடத்தில் தப்பியோடிய அதே மன்னர் அங்கே வந்து சேர்ந்தார். முன்பே சந்தேகத்துக்கு ஆளாகியிருந்த தங்கள் வீட்டில் அவரை வைத்திருக்கத் துணியாத நிக்கோலஸின் அண்ணன் ஜான், இருட்டோடு இருட்டாக வேறொரு வீட்டுக்கு அழைத்துச் சென்றார்.

அந்த மாளிகை இன்று இல்லை. தேவாலய வாசலுக்கு எதிரே நிக்கோலஸின் கல்லறை இருக்கிறது. உள்ளே, இரு சுவரோரமும் எதிரெதிராகப் போட்ட இருக்கைகள், ஒரு கூட்டுக் குடும்பம் அமர்ந்தாலே நிறைந்துவிடும். நான் சென்ற அன்று வேறு யாரும் இல்லாததால், இடம் மாற்றி மாற்றி அமர்ந்துகொண்டிருந்தேன். அரைநாள் அப்படித்தான் போயிற்று.