சிலோன் ரேடியோ கடிதம் எந்த வருடத்தது? தலைப்பைப் பாருங்கள்

கேள்வி: அப்பா இளவயதில் சிலோன் ரேடியோவுக்கு நிறையக் கடிதம் எழுதியவர். அவர் காலமான பிறகு, நிலையத்திலிருந்து வந்த பதில் கடிதங்களும் அட்டைகளும் பெட்டியில் கிடைத்தன. பலவற்றில் தேதி இல்லை. தாளின் மேலே அச்சிட்ட ஆங்கிலத் தலைப்பு ஒன்றில் ‘ரேடியோ சிலோன்’, இன்னொன்றில் ‘சிலோன் பிராட்காஸ்டிங் கார்ப்பரேஷன்’, வேறொன்றில் ‘ஸ்ரீலங்கா பிராட்காஸ்டிங் கார்ப்பரேஷன்’ என்று இருக்கிறது. மூன்றும் வேறு வேறு நிலையங்களா? எது எப்போது வந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: மூன்றும் ஒரே நிலையம்தான். பெயர் மாறிய தேதிகள் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

‘ரேடியோ சிலோன்’ என்றால் 1949 முதல் 1966 முடிய. அதுவரை அரசுத் துறையாக இருந்த நிலையம் 1967 ஜனவரி 5 அன்று கூட்டுத்தாபனம் ஆனது. அதுதான் உங்கள் இரண்டாவது தலைப்பு. 1972 மே 22 அன்று நாடு குடியரசானதும் சிலோன் போய் ஸ்ரீலங்கா வந்தது. நடுப் பெயருக்கு ஆயுள் ஐந்து வருடம் சொச்சம்தான் என்பதால், அந்தக் கடிதத்தின் காலத்தை ஓரளவு நெருக்கமாகவே சொல்லிவிடலாம். தமிழ்த் தலைப்பை வைத்து 1972 மாற்றத்தைப் பிடிக்க முடியாது; நமக்கு இரண்டுமே ‘இலங்கை’தான்.

ஒரு எச்சரிக்கை. பழைய பெயர் அச்சிட்ட தாள் கட்டுக் கட்டாக மிச்சமிருந்தால் எந்த அரசு அலுவலகமும் அதைத் தூக்கிப்போடாது. ஆகவே ‘இதற்கு முந்தியதல்ல’ என்று தலைப்பை வைத்து உறுதியாகச் சொல்லலாம். ‘இதற்குப் பிந்தியதல்ல’ என்று சொல்ல முடியாது. அட்டையின் பின்னால் அப்பா கைப்பட ‘சிலோன் ரேடியோ’ என்று எழுதியிருந்தால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பெயர் மாறி வெகுகாலம் ஆன பிறகும் தமிழ்நாட்டில் நாம் அப்படித்தானே சொன்னோம்!

முதல் பெயரின் காலம்தான் நீளமானது. அதைச் சுருக்க நிலையம் வளர்ந்த கதை உதவும். கொழும்பில் முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16 அன்றே தொடங்கிவிட்டது. தந்தி இலாகாவின் தலைமைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் நடத்திய சோதனைகளில் பிறந்த சிறிய நிலையம் அது. அதைப் பெரிதாக்கியது இரண்டாம் உலகப் போர்தான். மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியப் படைத்தலைமை தன் வீரர்களுக்காக இலங்கையில் ஒரு வானொலியை நடத்தியது. அதற்காகக் கொழும்புக்கு அருகே ஏக்கலையில் வந்த 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்புக் கருவி, படைகள் கிளம்பியதும் இலங்கை அரசின் கைக்கு வந்தது. சின்னத் தீவின் குரல் இந்தியா முழுக்கக் கேட்டதன் ரகசியம் அதுதான்.

1950 செப்டம்பர் 30 அன்று வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. 1952-இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைக் கட்டுப்படுத்தப்போக, நேயர்கள் கொத்தாகக் கொழும்புப் பக்கம் திரும்பினார்கள். கேஸ்கரைவிட நல்ல விளம்பரம் ரேடியோ சிலோனுக்குக் கிடைத்ததில்லை என்பது என் எண்ணம். டில்லி சுதாரித்து விவித பாரதியைத் தொடங்கியபோது 1957 அக்டோபர் ஆகிவிட்டது. சரி, இதில் உங்களுக்கு என்ன பயன்? தலைப்பில் வர்த்தக சேவை என்று இருந்தால் கடிதம் 1950 செப்டம்பருக்கு முந்தியதல்ல. அந்தச் சேவையை உருவாக்க ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டாட் கையெழுத்து இருந்தால் ஐம்பதுகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் அட்டைகள். கியூஎஸ்எல் அட்டையாக (நிகழ்ச்சியைக் கேட்டதாக நேயர் எழுதியதை உறுதிசெய்து நிலையம் அனுப்பும் அட்டை) இருந்தால், அப்பா நிகழ்ச்சியைக் கேட்ட தேதி, நேரம், அலைவரிசை என்று நிரப்பும் கோடுகள் இருக்கும். மை மங்கியிருந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அலைவரிசையைக் ‘கிலோசைக்கிள்’ என்று குறித்திருந்தால் பெரும்பாலும் எழுபதுகளுக்கு முந்தியது. கிலோஹெர்ட்ஸ் என்பது அதன் பிறகே பரவலானது.

எல்லாவற்றையும்விட நம்பகமான சாட்சி உறையின் மேலுள்ள தபால் முத்திரை. அதனால் தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தெடுத்துவிடாதீர்கள். எந்தக் கடிதம் எந்த உறையில் இருந்ததோ அதிலேயே இருக்கட்டும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். இருபுறமும் ஸ்கேன் செய்து வைத்தால் போதும்.