கொழுப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் பத்தியமும் இருக்க வேண்டுமா?

கேட்டவருக்கு மாத்திரை தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருக்கும், முதல் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் எண்ணும் இறங்கியிருக்கும் என்று ஊகிக்கிறேன். இதே கேள்வியை என் மருத்துவரிடம் நானும் கேட்டவன் என்பதால், இதைக் கேலியாக எழுதவில்லை.

2019இல் என் எல்டிஎல், அதாவது 'கெட்ட கொலஸ்ட்ரால்', 172. அட்டோர்வாஸ்டாட்டின் என்னும் ஸ்டேட்டின் வகை மாத்திரை, 10 மில்லிகிராம், இரவில் ஒன்று எனத் தொடங்கியதும் மூன்றே மாதத்தில் 108 ஆனது. அந்த மகிழ்ச்சியில், நாகர்கோவில்காரனுக்கு உரிய முறையில், தேங்காய் எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் சிப்ஸையும் இரவு நேரப் பரோட்டாவையும் தாராளமாக அனுமதித்துக்கொண்டேன். ஒரு நாள்கூட மாத்திரை தவறவில்லை. ஆனாலும் அடுத்த ஆண்டு எண் 131.

மாத்திரையின் மீதே சந்தேகப்பட்டு, அதை 20 ஆக்கித் தரும்படி கேட்டேன். அளவை இரட்டிப்பாக்கினாலும் எல்டிஎல் மேற்கொண்டு ஏறக்குறைய 6 விழுக்காடுதான் குறையும் என்று சொன்ன மருத்துவர், பிறகு என் சாப்பாட்டை விசாரித்தார். ஸ்டேட்டின் மாத்திரை கல்லீரலின் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைப்பதால், கல்லீரல் தன் தேவைக்கு இரத்தத்திலுள்ள எல்டிஎல்லை உள்ளே இழுக்கும் ஏற்பிகளைப் பெருக்குகிறது. தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்போ அதே ஏற்பிகளை மந்தமாக்குகிறது. இரவில் மாத்திரை செய்ததை மாலைச் சிற்றுண்டி கெடுத்துக்கொண்டிருந்தது. இந்தச் சபலம் எனக்கு மட்டும் உரியதன்று: அமெரிக்காவில் ஸ்டேட்டின் சாப்பிடுவோர் உட்கொண்ட கொழுப்பின் அளவு 1999-2000ஐ விட 2009-2010இல் சுமார் 14 விழுக்காடு கூடியிருந்ததாக 2014இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

'எங்கள் பாட்டி தேங்காய் எண்ணெயிலேயே சமைத்துத் தொண்ணூறு வயது வரை வாழ்ந்தார்' என்று எழுதப் போகிறவர்களுக்கு: என் பாட்டியும் அப்படித்தான். ஆனால் அவர் தினமும் வயலுக்கு நடந்தார், பரோட்டாவைக் கண்டதில்லை, கொலஸ்ட்ரால் பரிசோதனையும் செய்துகொண்டதில்லை. அந்த எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு என்பது ஊர்ப்பற்றால் மாறிவிடாது. இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாமாயில் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிதாக அச்சிடுகிறார்கள். தாவர எண்ணெய் எதிலுமே சொல்லத்தக்க கொலஸ்ட்ரால் கிடையாது; பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பதைத்தான் பொடி எழுத்தில் தேட வேண்டியிருக்கிறது. அதை நம்பி ஓராண்டு வாங்கியவன் நான்.

பிறகு தாளிப்பதற்குக் கடலை எண்ணெய், வாரத்தில் நான்கு நாள் கொள்ளோ பயறோ, பரோட்டா மாதம் ஒருமுறை என்று மாற்றினோம். அதே 10 மில்லிகிராமில் நான்கு மாதம் கழித்து எண் 112. எல்லோருக்கும் இப்படியே இறங்கும் என்று நான் சொல்லவில்லை. பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்களுக்குச் சாப்பாட்டால் ஆவது குறைவு. பத்தியம் இருக்கிறோமே என்று மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்; என் மைத்துனர் பூண்டுப் பாலை நம்பி நிறுத்தி, ஆறு மாதத்தில் பழைய எண்ணுக்கே திரும்பினார்.

அவியலுக்கு மட்டும் கடைசியில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் இப்போதும் உண்டு. மருத்துவரிடம் சொல்லிவிட்டேன்.